அம்மாவை ‘மூதாட்டி ஒருவர்’ ஆக்கிய அண்ணைக்கு

அண்ணை,

உங்களுடைய நினைவு மலர் மேசையில் கிடக்கிறது. நீங்கள் கண்மூடியது வெளிநாட்டில் என்றாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இங்கே, உடுவில் வீட்டில்தான் நடந்தது. வந்தவர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய பிரதி இது. அச்சு மை இன்னும் மணக்கிறது. அல்சைமர் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள உங்கள் ஆய்வுதான் வழி திறந்ததாம்; அதை மேற்கோள் காட்டாத நரம்பியல் மாணவர்களே இல்லையாம். ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். அந்த ஆய்வுக்கு வித்திட்டவர் ‘யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர்’ என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே?

கமராவோடு நீங்கள் வந்து இறங்கிய விடுமுறை எனக்கு மறக்காது. நான் வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மகன் வந்திருக்கிறான் என்று எத்தனை தரம் சொல்லியும் அம்மா உங்களை அடையாளம் காணவில்லை. நீங்கள் அவவைக் கதிரையில் இருத்தி, ஒரு சீப்பைத் தூக்கிக் காட்டினீர்கள்.

“இது என்ன?”

ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்ட மனுசி. சீப்பைப் பார்த்தா, உங்களைப் பார்த்தா. பிறகு வாத்தியார் குரலில், “ஏன், உமக்குத் தெரியாதோ?” என்று திருப்பிக் கேட்டா. உங்கள் கண்கள் பளிச்சிட்டதை நான் கண்டேன். நீங்கள் மறுபடி கேட்டீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா.

“சீப்பு, அம்மா” என்றேன்.

“சொல்லிக் குடுக்காதை! எல்லாம் பழுதாப் போச்சு” என்று கத்தினீர்கள்.

“காணும் அண்ணை, விடுங்கோ. அவ அழுறா.”

“இன்னும் கொஞ்சம்தான். நீ வெளியிலை போ.”

நான் போகவில்லை. அம்மாவின் சேலை நனைந்து, நிலத்திலும் ஈரம் பரவியது. அப்போதும் கமரா ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருமுறை யாழ்ப்பாணத்தில் உரையாற்ற வந்தீர்கள். என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். திரையில் அம்மா. முகத்தைக்கூட மறைக்கவில்லை. “ஏன், உமக்குத் தெரியாதோ?” என்று அவ கேட்க, மண்டபம் சிரித்தது. படித்தவர்கள் தங்கள் மறதியை இப்படித்தான் கெட்டித்தனமாக மூடுவார்கள், வைத்தியர்களும் ஏமாந்துபோவார்கள் என்று விளக்கினீர்கள். கைதட்டினார்கள். அம்மா அப்போதும் உயிரோடு, வீட்டில் என்னைத் தேடிக்கொண்டிருந்தா.

வாசலில் உங்களை மறித்தேன். “ஆரைக் கேட்டு அம்மாவைக் காட்டினீங்கள்?”

“பேர் சொல்லேல்லையே. உதாலை எத்தினை பேருக்கு நன்மை எண்டு உனக்கு விளங்காது.”

“அவவுக்கு என்ன நன்மை?”

யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போய்ச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டிலும் இல்லை.

நன்மை இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிபருக்கு நோய் தொடங்கும்போதே இங்குள்ள இளம் டொக்டர் பிடித்துவிட்டார். உங்களுடைய கட்டுரையைப் படித்ததால்தான் என்றார். அந்தக் குடும்பம் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. கும்பிடட்டும். எனக்குக் கை எழவில்லை.

அன்று கமராவை எடுத்துக்கொண்டு நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்களுடைய எந்தக் கட்டுரையிலும் அது இல்லை. நான் அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டா:

“பிள்ளை, உந்தப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வெளிக்கிட்டிட்டாரோ?”

“ஓம் அம்மா.”

“ஒண்டுக்கும் எனக்கு மறுமொழி வரேல்லை. என்னை வேலையாலை நிப்பாட்டிப் போடுவாரோ?”

“இல்லை அம்மா. நல்லாச் செய்தனீங்கள் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்.”

அம்மா நம்பவில்லை. என் கையை விடவே இல்லை. அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது, அண்ணை.