வீட்டின் விலை வெளியே இருந்தது

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். உன் இருமல் விட்டதா என்று இரண்டு தடவை எழுதச் சொன்னாள் அம்மா, இரண்டையும் சேர்த்து ஒன்றாக இங்கேயே கேட்டுவிட்டேன். சென்ற வாரம் நம் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. சமையலறையில் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே இருக்கும் மஞ்சள் வாளியை அங்கிருந்து அகற்றுவதில்லை என்பதே அது. அம்மா கடுமையாக எதிர்த்தாள். மழை நின்று எத்தனையோ நாளாயிற்று, வருகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்றாள். அவர் நினைக்க வேண்டும் என்றுதானே வாளி என்றேன். வெறும் வாளியாக இருந்தால் விஷயம் விளங்காது என்று அதில் நானே பாதிக்குத் தண்ணீர் பிடித்தும் வைத்தேன்.

வருகிறவர் வீட்டுக்கு விலை மதிப்பிடுபவர். போனில் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. வீடு என் பேரிலும் சித்தப்பா பேரிலும் பாதிப்பாதி என்பது உனக்குத் தெரியும். சித்தியின் மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, அவனுக்குத் தன் பங்கு இப்போது பணமாக வேண்டும், கேட்பது நியாயம்தான். அந்தப் பாதியை நானே வாங்கிக்கொண்டால் நாங்கள் இங்கேயே இருக்கலாம், முடியாவிட்டால் முழு வீடும் கட்டடக்காரருக்குப் போகும், அவர் நமக்கு இரண்டு பக்கமும் உள்ள வீடுகளை வாங்கி இடித்துவிட்டு, நடுவில் நிற்கும் நம்மைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருக்கிறார். மதிப்பீட்டாளர் சொல்வதே விலை என்று அண்ணன் தம்பி இருவரும் ஒப்புக்கொண்டோம். விலை குறைந்தால்தான் அவன் பாதி என் கைக்கு எட்டும், ஆகவே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்த வீட்டைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்த நான் ஒரே ஒரு காலை அதை மட்டம் தட்ட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அந்தக் கலை வரவில்லை. விடிவதற்குள் எழுந்து தரையைத் துடைத்து, ஜன்னல் கம்பிகளைத் தேய்த்து, கிறீச்சிடும் குளியலறைக் கதவுக்கு எண்ணெயும் விட்டிருந்தாள். அந்தச் சத்தத்தை நான் மிகவும் நம்பியிருந்தேன்.

மதிப்பீட்டாளர் அதிகம் பேசாத மனிதர், அதுவே எனக்குப் பாதி பயம். கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, "கெட்டியா இருக்கு சார், இப்பல்லாம் யாரு இப்படிக் கட்டறாங்க" என்றார். கூடவே வந்திருந்த சித்தப்பா முகம் மலர்ந்தது. நான் அவசரமாகப் பீரோவை நகர்த்தி அதற்குப் பின்னால் இருந்த விரிசலைக் காட்டினேன், ஒரு தகப்பன் பிள்ளையின் மார்க் அட்டையை ஒளிப்பதற்குப் பதில் ஊருக்கெல்லாம் காட்டுவதுபோல் இருந்தது எனக்கே. கடைசியில் வாளியிடம் கூட்டிப்போனேன். காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மேலே பார்த்தார். இதனால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "ஒண்ணும் குறையாது சார். வாங்கறவங்க எப்படியும் இடிக்கத்தான் போறாங்க. வீட்டுக்கு விலை உள்ள இல்ல, வெளிய இருக்கு. வாங்க, தெருவைப் பாப்போம்" என்றார்.

வெளியே வந்து, இந்தச் சாக்கடை எப்போதுமே மூடித்தான் இருந்ததா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "எங்க அண்ணன்தான் மூட வெச்சாரு சார். மனு எழுதி மனு எழுதி ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரு, செருப்புதான் தேஞ்சுது, விடலையே" என்றான். பஸ் நிற்கும் இடம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதே என்றார். "அதுவும் அண்ணன்தான்." பூங்காவைப் பார்த்தார். "அது குப்பை மேடா கிடந்துது சார், மூக்கைப் பிடிச்சுக்காம நடக்க முடியாது. அண்ணன்தான்." நான், அது தெருக்காரர்கள் சங்கத்தில் எல்லோருமாகச் சேர்ந்து செய்தது என்று முனகினேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் வேறு கடையை விட்டு இறங்கி வந்து, "சார் இல்லேன்னா இது தெருவாவா இருந்திருக்கும்? எழுதிக்கோங்க" என்றார். மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார். விலை ஏறட்டும் என்று உன் சித்தப்பா சொன்னதாக நினைக்காதே, நான் அவன் முகத்தைப் பார்த்தேன், உண்மையாகவே பெருமைப்பட்டான். என் தம்பி என்னை வாய்விட்டுப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை, ஒவ்வொரு வார்த்தைக்கும் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்று இருந்தது. அம்மா வாசல் கேட் அருகே நின்று, "போதும் தம்பி, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து டீ குடிங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அவர்கள் போன பிறகு, "இந்த நல்லதையெல்லாம் நாலு தெரு தள்ளிப் போய்ப் பண்ணியிருக்கலாம்" என்றாள்.

விலை வந்தது. கடன் கேட்டுப் போன இடத்தில் வங்கி மேலாளர் அதைப் படித்துவிட்டு என் பென்ஷன் தாளைப் படித்தார், பிறகு மறுபடி முதல் தாளைப் படித்தார், நல்ல இடத்தில் வீடு வைத்திருக்கிறீர்கள் என்று வாழ்த்தி அனுப்பினார். அன்று சாயங்காலம் சித்தப்பா வந்திருந்தான். டீ ஆறிப்போயிற்று. எழுந்து போகும்போது, "அண்ணா, என் பங்குல கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றான். சித்தியின் மாத்திரைக்காரன் குறைத்துக்கொள்வானா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நீ இதற்காகக் கடன் கிடன் வாங்குகிறேன் என்று கிளம்பாதே. உன் தெருவில் விளக்கு எரியவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அங்கே வீடு வாங்குகிற எண்ணம் இருந்தால் வாங்கி முடித்துவிட்டுக் கொடு. சித்தப்பாவுக்கு நீயாகவே ஒரு போன் செய், ஒன்றும் தெரியாததுபோல் சித்தியின் உடம்பை மட்டும் விசாரி. அவன் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி முடிய எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

மறக்காமல் குறித்துக்கொள்: அடுத்த மாதத்திலிருந்து கடிதங்களைப் பெரிய அத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பு. பெயருக்குக் கீழே மாடி அறை என்று எழுது.

இப்படிக்கு,
அப்பா