விரல் நிற்கும் இடம்

ஜூன் 20, வெள்ளி

சாரல் விட்டுவிட்டு விழுகிறது. கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. உலகம்மையின் காக்கிச் சட்டையை மட்டும் நாற்காலியில் விரித்து ஃபேனுக்கு நேராக வைத்தேன். "அயர்ன்காரன் பாத்துக்கிடுவான், விடுங்க அத்தை" என்றாள் ஆனந்தவள்ளி. மருமகளுக்கு அந்தச் சட்டையின் அருமை தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆம்பிளைகள் பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் போவது புதிதில்லை. என் மகன் நம்பிராஜனே இப்போது காஷ்மீர்ப் பக்கம்தான் இருக்கிறான். பெண்பிள்ளை போனது உலகம்மைதான் முதல். அஞ்சாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்களே, அந்த வீட்டிலிருந்து!

சீசன் முடியும் வரை அவளுக்கு ஐந்தருவியில் டியூட்டி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "அதுவரைக்கும் ஒரு கரும்புள்ளி விழப்பிடாது ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். விழாது. என் பேத்தி.

ஜூன் 22, ஞாயிறு

தொப்பலாக நனைந்து வந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. "தண்ணி கூடிருச்சு, எல்லாரையும் வெளிய ஏத்திவிட்டோம்" என்றாள். சோறு பாதி உண்டாள். அப்படியே படுத்துவிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

என் தம்பி மகன் சுடலைராஜ் சுரண்டையிலிருந்து சொந்தக்கார குரூப்பில் ஒன்றை அனுப்பியிருந்தான். 'சாரல் சங்கதி' என்று ஒரு பக்கமாம். குற்றாலத்துச் செய்தியெல்லாம் போடுவானாம். பத்திரிகைக்காரன் கிடையாது, போன் வைத்திருக்கிற ஏதோ ஒருத்தன். அதில் எங்கள் உலகம்மை. ஒரு பெரியவரைத் தோளைப் பிடித்து இழுக்கிறாள். அவர் வழுக்கி விழுகிறார். "வெளிய வாங்கன்னு சொல்லுதேம்லா!" என்று கையை ஓங்குகிற மாதிரி இருக்கிறது. அதோடு முடிந்தது. மேலே சிவப்பு எழுத்து: 'வயதானவரைத் தள்ளிவிட்ட பெண் போலீஸ்.'

அவளிடம் கேட்டேன்.

"தண்ணி செவந்து வந்துச்சு ஆச்சி. முக்காவாசிப் பேரு ஏறிட்டாவ, மத்தவியளும் ஏறுதாவ. அவரு மட்டும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்காரு. காது கேக்காது போல. இழுக்காம என்ன செய்ய? அடுத்த நிமிசம் அவரு நின்ன எடத்துல தண்ணி பாறையப் புரட்டுது."

"அத எவனும் எடுக்கலையா?"

"எடுத்தவன் வெட்டிட்டான்."

பெரியவர் எந்த ஊரோ. டூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அந்தச் சின்ன வீடியோத் துண்டை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. ஆனாலும் பார்க்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளையை ஒருத்தன் தப்பாகப் பேசினால் சொந்தம் எல்லாம் திரண்டு போய் அவன் வாசலில் நின்று ஏசி, மண்ணை வாரித் தூற்றிவிட்டு வருவோம். தெருவே கூடும். அவன் கதவைச் சாத்திக்கொள்வான். அதோடு சரி.

இவன் வாசல் எங்கே இருக்கிறது? போனில்தானே. அப்படியானால் போனிலேயே போய் நிற்க வேண்டியதுதான். கீழப்பாவூர், சுரண்டை, மும்பையில் இருக்கிற கொழுந்தன் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் பேசினேன். "ஒருத்தர் பாக்கியில்லாம அங்கன போய் நாலு வார்த்தை கேளுங்க" என்றேன். சுடலைராஜுக்குக் கொண்டாட்டம். "நீ சொல்லு அத்தை, உரிச்சிருவோம்!"

அந்தப் பக்கத்தில் விளம்பரம் கொடுக்க ஒரு நம்பர் போட்டிருந்தான். நானும் அதில் பேசி அனுப்பினேன்.

ஜூன் 25, புதன்

நம் ஆட்கள் ஏசியது வரிசை வரிசையாக நிற்கிறது. கொஞ்சம் மனசு ஆறியது.

ஜூன் 26, வியாழன்

என்ன செய்து வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் ஆயிரக்கணக்கில் பார்த்த அந்தத் துண்டை இன்று லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அது போதாதென்று அவன் இன்னொன்று போட்டிருக்கிறான். 'போலீஸ் குடும்பத்தின் மிரட்டல்.' அதில் உலகம்மை படம். பின்னால் ஒரு குரல். என் குரல்.

"ஏலே, என் பேத்தியச் சொல்ல நீ யாருலே? சுரண்டையில இருந்து கீழப்பாவூர் வரைக்கும் எங்க ஆளுகதான். போன் பிடிச்ச கைய முறிச்சு அடுப்புல வச்சிருவேன்!"

அதற்கு ஒரு பாட்டு வேறு போட்டிருக்கிறான். ஊர் உலகமெல்லாம் சிரிக்கிறது. பால்காரன் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறான்.

உலகம்மைக்கு மெமோ. அருவிப் பக்கம் இனி போக வேண்டாமாம், ஸ்டேஷனுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி முன்னால் விசாரணை. "மொத வீடியோவுக்கு மட்டும்னா பதில் சொல்லிருவேன்" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இப்ப மிரட்டுனதுக்கும் சேத்துச் சொல்லணும். உன்ன ஆரு ஆச்சி பேசச் சொன்னா?"

  சுடலைராஜ் 'வீடு புகுந்து அடிப்போம்' என்று எழுதியதையும் அந்தப் பக்கத்துக்காரன் எடுத்துப் போட்டிருக்கிறான். நான்தானே போகச் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

உலகம்மை என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

ஜூன் 28, சனி

கோயில் வாசல் பக்கம் மன்சூர் போன் கடை. இந்தப் போனை அவனிடம்தான் வாங்கினேன். கடையில் ஆள் ஓயும் வரை நின்றேன்.

"வாங்க ஆச்சி, இன்னைக்கு யார் கைய முறிக்கப் போறிய?" என்றான். முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"ஒன்னு கேக்கணும் தம்பி. நாங்க ஏச ஏச அது ஏன் ஏறுது?"

"ஏசுனதுனாலதான் ஏறுது."

தன் போனைத் திறந்து என் போனுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் வீடியோ வருகிற அதே பெட்டியைத் தொட்டான். அவனுடையதில் பைக், பிரியாணி, மறுபடி பைக். என்னுடையதில் அருவி, போலீஸ், சண்டை, அருவி. நான் எல்லோருக்கும் ஒன்றுதான் வரும் என்று இருந்தேன், டிவி மாதிரி.

"டிவியில அவன் போடுதத நாம பாக்கோம். இதுல போடுதவனும் நம்மள மாதிரி ஆளுதான், பாக்கவனும் நம்மதான். அருவிக்கு வாரவன் பூரா எடுத்துப் போடுதான். கோடிக்கணக்குல கிடக்கு. அதுல உங்களுக்கு எதக் காட்டன்னு அது உங்க விரலப் பாத்துத் தெரிஞ்சுக்கிடும்."

"விரலையா?"

"எதுல நிக்கிய, எதத் தள்ளுதிய, எதுல எழுதுதிய, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். திட்டுதியளா வாழ்த்துதியளான்னு அதுக்கு வேண்டாம். கூட்டம் கூடுத எடம்னு நெனச்சு இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வரும்."

வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று ஏசினால் வீட்டுக்காரன் கதவைச் சாத்துவான். இவன் டிக்கெட் போட்டு விற்கிறான். கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது நான்.

ஜூன் 29, ஞாயிறு

எல்லோருக்கும் மறுபடி பேசினேன். எழுதியதை அழியுங்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள், பார்க்கக்கூடப் பார்க்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். சுடலைராஜ்தான் அடம்.

"பயந்துட்டியா அத்தை? வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துனவல்லா நீ?"

"இப்பவும் தூத்தத்தாம்லே செய்தோம். காத்து நம்ம பக்கம் அடிக்கி. நம்ம பிள்ள கண்ணுலதான் விழுது."

 "அழிச்சிருதேன்" என்று வைத்துவிட்டான். அவனிடம் இப்படித் தணிந்து பேசியது இதுதான் முதல் தடவை. 

உலகம்மைக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டாம்.

ஜூலை 1, செவ்வாய்

பார்த்தேன்! பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

என் போனில் வருவதெல்லாம் ஐந்தருவிதான். நான்தானே ஒரு வாரமாக அதிலேயே நின்றேன். சரி, வருவது வரட்டும், அன்றைக்கு அங்கே அத்தனை பேர் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்களே, ஒருத்தராவது முழுசாக எடுத்திருக்க மாட்டார்களா என்று ஒவ்வொன்றிலும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒன்று வந்தது. ஒரு மலையாளத்துப் பெண் தன் குழந்தைக்கு மங்குஸ்தான் உரித்து ஊட்டுகிறாள். குழந்தை சப்புக்கொட்டுகிறது. அவள் மலையாளத்தில் கொஞ்சுகிறாள். பின்னால் அருவி. தலையில் பச்சைத் துண்டு கட்டிய ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்து நிற்கிறார். அவரேதான். விசில் சத்தம் கேட்கிறது. ஓரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருத்தி நடந்து வருகிறாள், உலகம்மை. தண்ணீர் செம்மண் நிறமாக—

கை தட்டிக் கீழே இழுபட்டுவிட்டது. சுற்றிச் சுற்றி ஒரு வட்டம். வேறு ஏதோ வந்து நின்றது. ஒரு சமையல்காரி வெங்காயம் வெட்டுகிறாள்.

போய்விட்டது. எவ்வளவு தள்ளியும் வரவில்லை. மன்சூர் கடைக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. ஒரு கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போயிருக்கிறானாம். ஆனந்தவள்ளியிடம் சொன்னேன். "நல்லாப் பாத்தியளா அத்தை? அந்தக் கவலையிலேயே இருக்கிய, அவளாட்டம் தெரிஞ்சிருக்கும்" என்கிறாள். எனக்கா தெரியாது? அவள் நடையை நான் இருட்டிலும் சொல்லுவேன்.

உலகம்மையிடம் சொல்லவில்லை. கையில் இல்லாததைச் சொல்லி அவளுக்கு ஆசை காட்டவா? விசாரணைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

ஜூலை 2, புதன்

எதில் நிற்கிறாயோ அது வரும் என்றான் மன்சூர். அப்படியானால் நானே அதை இழுத்து வர வேண்டியதுதான்.

காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். போலீஸ் வந்தால் தள்ளினேன். சண்டை வந்தால் தள்ளினேன். என் குரலே வந்தது, அதையும் தள்ளினேன். அதில் ஒரு நொடி நின்றால்கூட இன்னும் பத்து வருமே. குழந்தை வந்தால் நின்றேன். பழம் உரித்தால் நின்றேன். மலையாளப் பேச்சு கேட்டால் கடைசி வரை பார்த்தேன், முடிந்தால் மறுபடியும் பார்த்தேன். ஆனந்தவள்ளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ள வேல போகப் போகுது, இவிய குழந்தைப் படம் பாக்காவ" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

முதலில் அது நம்பவில்லை போலிருக்கிறது. அருவியையே காட்டிக்கொண்டிருந்தது. போகப்போக ஒரு மலையாளக் குழந்தை வந்தது. பிறகு மூன்று. மத்தியானத்துக்குள் போன் பூரா மலையாளக் குழந்தைகள்: எண்ணெய்க் குளியல், தொட்டில், யானையைப் பார்த்து அழுவது. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. சார்ஜர் வயரோடு சுவரை ஒட்டியே இருந்தேன்.

அந்தக் குழந்தை வந்தது. அதே குழந்தை, அதே கொஞ்சல். ஆனால் அருவி இல்லை, காருக்குள் தூங்குகிறது. எனக்கு அழுகை முட்டிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், படத்துக்குக் கீழே அந்தப் பெண்ணின் முகம் ஒரு சின்ன வட்டத்தில். பயந்து பயந்து அதைத் தொட்டேன். அவள் போட்டதெல்லாம் கட்டம் கட்டமாக விரிந்தது. இரண்டாவது வரிசையில் மங்குஸ்தான்.

"ஆனந்தவள்ளி! ஏட்டி, ஓடி வா! நான் கை வைக்கமாட்டேன், நீயே வந்து பாரு!"

வந்தாள். முதலிலிருந்து ஓடியது. விசில். ஆட்கள் ஏறுகிறார்கள். பெரியவர் திரும்பவே இல்லை. உலகம்மை இறங்கி ஓடுகிறாள், தண்ணீருக்குள். தோளைப் பிடித்து இழுக்கிறாள். இருவரும் விழுகிறார்கள். முழங்கை அங்கேதான் அடிபட்டிருக்கிறது. அவரைத் தூக்கி மேலே தள்ளிவிட்டு, இன்னும் உள்ளே நிற்கிறவர்களைப் பார்த்துத்தான் கையை ஓங்கிக் கத்துகிறாள். அந்த மலையாளத்துப் பெண் "அய்யோ" என்று குழந்தையை அள்ளும்போது போன் சாய்கிறது. சாய்ந்த அந்தப் படத்தில் கம்பி இருந்த இடமே தண்ணீரில் தெரியவில்லை.

ஆனந்தவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள்தான் அதை மகளுக்கு அனுப்பினாள். அதுவரை அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மொத்தம் எங்கள் தெருவில் இருக்கிற ஆட்கள் அளவுகூட இல்லை.

உலகம்மையிடமிருந்து ஒரே வரி வந்தது: 'யாருக்கும் அனுப்பாதீங்க. ஆச்சிகிட்டயும் சொல்லு.'

குரூப்பில் போடக் கை துடித்தது. சுடலைராஜுக்கு மட்டுமாவது... இல்லை. போடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

நானும் போனேன். கூப்பிட்டிருந்தார்கள்.

உலகம்மையை முதலில் உள்ளே விட்டார்கள். அவள் நேற்றே அந்த மலையாளத்துப் பெண்ணிடம் பேசிச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். புனலூர்க்காரியாம். தன் குழந்தைக்குப் பின்னால் அப்படி ஒன்று நடந்ததை அவளே சரியாகப் பார்க்கவில்லையாம். அதிகாரி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். "அந்த எடத்துல நான் நின்னாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்" என்றாராம்.

அப்புறம் என்னை. 'சாரல் சங்கதி'க்காரனும் ஒரு ஓரத்தில் நின்றான். மெலிந்த பையன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இவனைத்தான் நான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். கையை முறிப்பதாகச் சொன்னது தப்பு, இனிப் பேசமாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார் அதிகாரி. படிக்கத் தெரியாது என்று நினைத்தோ என்னவோ, மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்கள். பேனா கேட்டு வாங்கினேன். நானே எழுதினேன். கடைசியில் குருவம்மாள் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் யாரிடமும் கேட்காத மன்னிப்பை அந்தப் பையன் முன்னால் எழுதிக் கேட்டேன். உலகம்மை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் எழுதித் தந்ததும் உண்டு. அந்தத் துண்டை எடுத்துவிடுகிறானாம். எடுத்து என்ன? அதற்குள் எத்தனை பேர் எடுத்து எங்கெங்கே போட்டார்களோ.

பஸ் ஸ்டாண்டில் உலகம்மை கேட்டாள்: "அந்த வீடியோவ எப்படித்தான் பிடிச்ச ஆச்சி?"

"குழந்தையப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஒரு வாரம் கழித்து அவள் என்னிடம் பேசியது இதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

மெமோவை முடித்துவிட்டார்கள். நம்பிராஜன் போனில் அழுதான். ஆம்பிளை.

ஜூலை 20, ஞாயிறு

உலகம்மைக்கு மறுபடி ஐந்தருவி டியூட்டி. சோறு கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன். நல்ல கூட்டம். குளிக்கிறவர்களைவிடப் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறவர்கள் அதிகம். அத்தனை போனுக்கும் நடுவில் என் பேத்தி விசிலோடு நிற்கிறாள்.

பழக்கடைப் பக்கம் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "கைய முறிச்சு அடுப்புல வைக்கிற பாட்டி நீங்கதான? ஒரு செல்ஃபி பாட்டி!" நாக்கு நுனி வரை வந்தது. "பழம் வாங்கிட்டுப் போம்மா, நல்ல பழம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தூரத்திலிருந்து உலகம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளா, தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் போனைத் திறந்தேன். அந்தத் துண்டு. வேறு பக்கம், வேறு பாட்டு. கீழே ஒருத்தன் எழுதியிருக்கிறான்: 'இவளையெல்லாம் வேலையை விட்டுத் தூக்கணும்.' உண்மை என்ன என்று சொல்ல இப்போது என்னிடம் எல்லாம் இருக்கிறது. எழுதவும் தெரியும். விரல் அந்த இடத்திலேயே நின்றது. 

தள்ளினேன்.

அடுத்து ஒரு மலையாளக் குழந்தை கொட்டாவி விட்டது. தென்காசி வரும்வரை அதிலேயே நின்றேன்.