மழையாண்டவரிடம் சாத்தி கேட்டது குறித்து

நீர் பெருகுக, நெறி நிலைபெறுக. நெடுங்கரை நாட்டுக்கும் அதன் மலைப்புறங்களுக்கும் உரிய வேந்தர், குடிகாவலர் வென்றிவேள், கீழைக் கோட்டத் தலைவர் சேந்தன் ஆதனார்க்கு விடுக்கும் திருமுகம். உம் கோட்டமும் சுற்றமும் ஆநிரையும் நலமே வாழ்க. எம் உடல் நலம். மனம்தான் ஓய்ந்து கிடக்கிறது.

கிணறு வெட்டும் குடியினள் சாத்தியின் நாவை அரிய எம் இசைவு வேண்டி நீர் விடுத்த ஓலை கண்டோம். வறட்சியில் பிள்ளையைப் பறிகொடுத்த அவள், மழையாண்டவர் தேர் தன் வாசலைக் கடக்கையில், "ஏஞ்சாமி, ஒனக்குக் காது அடைச்சுப்போச்சா?" என்று கேட்டாளாம். அதனால் அடியார் மனம் புண்பட்டதென்று பூசகர் மாறனார் முறையிட்டாராம்.

தெய்வப்பழி குறித்து முறையிடுவோர் அச்சொல்லைச் சபையில் உரக்கச் சொல்லியாக வேண்டும் என்பது எம் பாட்டனார் வகுத்த சட்டம். பூசகர் சொன்னார். தேர்வடம் பிடிப்பதில் அவரோடு நெடுநாள் பகை கொண்ட வணிகர் பூதனார், அது கேட்டுத் தம் மனமும் புண்பட்டதென்று பூசகர்மேல் முறையிட்டார், அதற்காக அவரும் சொன்னார், அவர்மேல் வேறொருவர். இப்படியே போய்ச் சபையில் பாதிப்பேர் சிறையில் என்றும், சோறு வடிப்பவனும் உள்ளே இருப்பதால் அனைவரும் பட்டினி என்றும் நீரே எழுதியுள்ளீர். சிரிக்க வேண்டிய செய்திதான். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனையோரை மன்னித்துச் சாத்தியை மட்டும் தண்டிக்கக் கேட்கிறீர். எல்லோர் வாயிலும் வந்தது ஒரே சொல்லன்றோ? பிள்ளையைப் புதைத்த தாய் தெய்வத்திடம் கேளாமல் யாரிடம் கேட்பாள்?

திருமுகம் எழுதும் எம் ஓலைநாயகமும் அச்சொல்லை எழுத அஞ்சி மறுத்ததால், எழுத்தாணியை யாமே பிடித்தோம். ஆகவே ஆணையாவது: இத்திருமுகத்தைத் தேரடியில் ஊர் கூட்டி, ஒரு சொல்லும் விடாது உரக்கப் படிப்பிக்கவும். மனம் புண்படுவோர் எம்மேல் முறையிடுக. நா அரிவதே முடிவாயின், கத்தி முதலில் எம் அரண்மனைக்கு வருக. அதற்குத் துணிவில்லையேல், இன்றே சிறை திறந்து அனைவரையும் வீட்டுக்கு அனுப்புக.

சாத்தி மழையாண்டவரிடம் இன்னும் கேட்க விரும்பினால், கேட்கட்டும். தேரைச் சற்று நிறுத்துக.

எம் கையெழுத்து. எம் இலச்சினை.