அப்பா இல்லாதபோது

அன்பு மகளுக்கு,

"எப்பங்கப்பா பென்னாகரம் போறீங்க?" என்று சனிக்கிழமைதோறும் கேட்பாய். ஏதோ வாங்கிவரச் சொல்லத்தான் கேட்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

என்னோடு பேசுவதை நிறுத்தி, நீ பெங்களூர் போய் இரண்டு வருடம் ஆகிறது. நேற்று நீ விட்டுச்சென்ற கணினியைத் திறந்து, உன் எலக்ட்ரிக் கிட்டாரை அதில் செருகினேன். ஆம்ப்ளிஃபயர் போல ஒலிக்கும் அந்த மென்பொருளில் நீ இரண்டு ஒலி அமைப்புகளைச் சேமித்து வைத்திருந்தாய். முதலாவதன் பெயர் 'அப்பா இருக்கும்போது'. மீட்டினால் கொசு பாடுவது போலிருந்தது. மற்றது 'அப்பா இல்லாதபோது'. ஒரு தந்தியைத் தொட்டதுமே சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பக்கத்து வீட்டு ஜெயராணி ஓடிவந்து, "பிளசி வந்துட்டாளுங்களா சார்?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

நான் நுழைந்ததும் வகுப்பு அடங்குவதை மரியாதை என்றே முப்பது வருடம் நம்பியவன் நான். வீட்டிலும் அப்படியே நம்பிவிட்டேன்.

ஒருமுறை வா. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே இரண்டாவதை வாசித்துப் பார்.

அப்பா