காலித் தொட்டிலின் மூச்சு

பிர்னோ, பிப்ரவரி 4

அன்புள்ள ஹினெக்,

முதுகுவலி எப்படி இருக்கிறது? அனேஷ்காவுக்கு நேற்றோடு மூன்று மாதம். அவள் தூங்கும் நேரத்தில்தான் கெர்னல் வேலை, கணினியின் அந்த அடித்தள நிரலோடு மல்லுக்கட்டல்.

ஒரே காரியத்துக்கு ஏழு வகைக் கணினிச் சில்லுகளுக்கு ஏழு நிரல் நகல்கள் கிடந்தன. ஒன்றாக்கிவிட்டேன், நூற்று நாற்பது வரி குறைந்தது. நீ பார்த்துக்கொள்ளும் சின்னச் சில்லின் நகலில் மட்டும் ஒரு காவல் வரி இருந்தது: தகவல் போய்ச் சேர்ந்த பிறகே ‘புதிது’ என்று கொடி காட்டு. பொது நகலில் அதை வைத்தால் மற்றச் சில்லுகளும் மெதுவாகின்றன. எடுத்துவிட்டேன். என் கணினியில் இரண்டு நாள் ஓட்டியும் ஒன்றும் ஆகவில்லை. “வீட்டைப் பெருக்குறேன்னு கதவையும் சேர்த்துப் பெருக்கிடாதே” என்பாய், தெரியும். உன் சில்லில் ஓட்டிப் பார்த்து, ‘சோதித்தவர்’ வரியில் பெயர் போடு.

அன்புடன்,
வெந்துலா

ஓலொமோட்ஸ், பிப்ரவரி 6

அன்பு வெந்துலா,

கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. பெயர் போட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரர் ஷ்டெபான் குழந்தையின் மூச்சைக் கண்காணிக்கக் கையால் செய்த கருவியில் இருப்பதும் என் சில்லுதானே? புதுக் கெர்னலை அதிலும் ஏற்றச் சொல். குழந்தைக்கு முத்தம்.

ஹினெக்

பிர்னோ, பிப்ரவரி 23

அன்புள்ள ஹினெக்,

ஷ்டெபான் சிரிக்கிறார். நீ சிரிக்கமாட்டாய்.

கருவி உனக்குத் தெரியும். மெத்தைக்கு அடியில் மூச்சின் அசைவை உணரும் ஒரு தட்டு. இருபது நொடி மூச்சு இல்லையென்றால் அலறும். சனிக்கிழமை புதுக் கெர்னலை ஏற்றினார். ஞாயிறு மதியம் பால் கொடுத்துவிட்டு அனேஷ்காவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கருவியை அணைக்க மறந்திருந்தேன். தொட்டில் காலி. அலறியிருக்க வேண்டும். வெகுநேரம் கழித்துத்தான் அந்த அமைதி எனக்கு உறைத்தது.

திரையில் தட்டையான கோடு. பதினெட்டாம் நொடியில் ஒரு மூச்சு. மறுபடி தட்டை. மறுபடி ஒன்று. மெத்தையில் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது.

“கீழே டிராம் போகுதில்ல, அந்த அதிர்வா இருக்கும். நீ தூங்கி எத்தனை நாளாச்சு?” என்றார் ஷ்டெபான். டிராம் போய் முடியும்வரை நின்றேன். தெரு ஓய்ந்தது. தொட்டில் மூச்சு விட்டது.

பழைய பதிவோடு ஒப்பிட்டேன். நடுவில் லேசாக ஒரு தடங்கல், சளி பிடித்த மூச்சு. அன்று காலை அனேஷ்கா விட்டதேதான், அச்சு அசல்.

அப்புறம் புரிந்தது. உன் சில்லு வேகத்துக்காக வரிசையை மாற்றிக்கொள்கிறது. எப்போதாவது கொடி முதலில் ஏறிவிடுகிறது, தகவல் பின்னால் வருகிறது. அந்த இடைவெளியில் படிக்கும் நிரலுக்கு, நினைவகத்தில் அதே இடத்தில் கிடக்கும் காலை மூச்சு புதிதாகத் தெரிகிறது. இருபது நொடி எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. என் கணினியின் சில்லு இப்படி வரிசை மாற்றாது. அதைத் தடுக்கத்தான் அந்தக் காவல் வரி.

நீ சோதித்தாயே, எத்தனை மணி நேரம் ஓட்டினாய்? உன்னிடம் ஏன் தெரியவில்லை?

வெந்துலா

ஓலொமோட்ஸ், பிப்ரவரி 24

வெந்துலா,

அந்தச் சில்லு பொருத்திய என் சோதனைப் பலகை டிசம்பரிலேயே செத்துவிட்டது. நான் ஓட்டவில்லை. உன் வேலைதானே, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய், காக்க வைக்கக் கூடாதென்று படித்துப் பார்த்தே பெயர் போட்டேன். பதினொரு வருஷத்தில் இது முதல் தடவை. அனேஷ்கா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது.

ஹினெக்

பிர்னோ, பிப்ரவரி 25

ஹினெக்,

அனேஷ்கா நலம். சளிகூட விட்டுவிட்டது.

அந்தச் சனிக்கிழமை இரவு கருவி ஒருமுறைகூட அலறவில்லை. அவள் பிறந்த பிறகு நாங்கள் விடியும்வரை தூங்கியது அன்றுதான். அந்த இரவின் பதிவை இன்று எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எது அவள் அப்போது விட்ட மூச்சு, எது பழையது என்று பிரிக்க முடியவில்லை. பாதியில் மூடிவிட்டேன்.

காவல் வரியையும் ஏழு நகல்களையும் திரும்ப வைத்துவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. எடுத்தவள் நான், தவறு என்னுடையது என்று மேலே எழுதியிருக்கிறேன். கருவியில் ஏற்றி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எண்ணினேன். இருபதில் அலறியது. அவள் பயந்து அழுதாள். நான் கருவியை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் அந்த அலறலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

‘சோதித்தவர்’ வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். பலகை வாங்கி ஓட்டிய பிறகு நீ பெயர் போடலாம். போட்டாலும், நான் ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு எண்ணிப் பார்ப்பேன்.

வெந்துலா