ஆகாச இரும்பு

பிள்ளைகளுக்க அப்பாவுக்கு,

திருநெல்வேலிக்கு வாற ஆளு வாசல்ல நிக்கான், அவன் கையிலதான் இதைக் குடுத்து விடுறேன். எழுதத் தொடங்கின பொறவு ரெண்டு மட்டம் எழும்பிப் போய் ரோட்டைப் பாத்தாச்சு. போலீஸ் இல்லை.

நேற்று என்னை ஸ்டேஷனுக்கு விளிச்சாங்க. தமிழ்நாட்டோட சேரணும்ணு நீங்க ஊர்வலம் போன அன்னைக்கு ஒரு போலீஸ்காரனுக்கு வெட்டு விழுந்துதுல்லா, அந்த வெட்டுகத்தி ஓடையில கிடந்து கிடைச்சிருக்கு. அந்த ஆளு இன்னும் ஆஸ்பத்திரியிலதான். "இது ஆகாசத்துலேருந்து விழுந்த இரும்பு, பாறசாலையில அவனுக்க கையில மட்டும்தான் உண்டு"ண்ணு உங்க கூட்டாளி தங்கையன் சொல்லிக் குடுத்திருக்கான். எந்தக் கல்யாண வீட்டுல நீங்க, உங்க அப்பா சொன்ன அந்தப் பெருமையைச் சொல்லாம விட்டிய?

திருவனந்தபுரத்துலேருந்து ஒரு காலேஜ் சார் வந்திருந்தார். கத்தியில ஒரு எடத்தை அரத்தால ராவி, மருந்து விட்டார். ஆகாச இரும்புல நிக்கல் உண்டாம், இருந்தா சிவக்குமாம். நான் கண்ணைப் பொத்திக்கிட்டேன்.

சிவக்கல்ல. சாதாரண இரும்புண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் தங்கையனைப் பிடிச்சு ஏசினார்.

அப்போ உங்க அப்பா சொன்னதெல்லாம் பொய்யாக்கும். அந்தப் பொய்யிலதான் நீங்க தப்பிச்சிய. அங்க போயும் யாருட்டயும் அளக்காதீங்க.

ஆட்டெலும்பு வெட்டும்போ நம்ம கத்தி வாயில நான் உண்டாக்கின ஒடசல் அதுல அப்படியே இருந்துது. கண்டதே இல்லைண்ணு சொல்லிட்டு வந்தேன்.

அன்னைக்கு நீங்க கத்தி கொண்டு போகல்லண்ணுதானே எங்கிட்ட சொன்னிய?

பிள்ளைகளுக்க அம்மை