பாட்டுக்காரர்களுக்குச் சொல்லலாமா

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விண்வெளிச் சத்தம் கேட்கும் உங்கள் நிலையத்து ஏரியலுக்குப் பக்கத்தில் கைப்பேசி கூடாது என்கிறார்கள். இல்லையென்றால் இந்நேரம் கூப்பிட்டு அழுதே தீர்த்திருப்பேன்.

பாட்டுக்காரர்களின் இரண்டு உலகங்களில் ஒன்று போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். விடுமுறையில் வரும்போதெல்லாம் நீங்கள் முணுமுணுத்துக் காட்டுவீர்களே, விண்வெளியிலிருந்து பாட்டுப்போல வரும் அவர்கள் சத்தம், அது பாதியில் அறுந்ததாம். பிறகு ஒரு வெளிச்சம். பிறகு ஒன்றுமே இல்லை. ஓர் ஊர் இல்லை, ஒரு நாடு இல்லை, ஓர் உலகமே! அங்கேயும் எவளோ ஒருத்தி பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

அதை ஆயுதம் ஏவி அழித்தவர்கள் நமக்குப் பக்கத்து நட்சத்திரத்திலேயே இருக்கிறார்கள் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. இத்தனை காலம் ஒரு சத்தமும் காட்டாததால் அவர்களுக்கு 'வாய்மூடிகள்' என்று பெயர் வைத்திருக்கிறீர்களாம். இப்போது இன்னோர் ஆயுதம் இரண்டாவது உலகத்தை நோக்கிக் கிளம்பிவிட்டது. அதன் வாலில் எரியும் நெருப்பு பின்னாலிருக்கும் நமக்குத் தெரிகிறது, எதிரே இருக்கும் அவர்களுக்குத் தெரியாது. நாம் எச்சரித்தால் நம் சொல் அதை முந்திப் போய்விடும். ஆனால் நாம் வாயைத் திறந்தால் வாய்மூடிகளுக்கும் கேட்கும். அவர்கள் இங்கே வந்துசேர முப்பது வருடம் போதும் என்கிறீர்கள். அப்போது பாப்பாவுக்கு ஏறக்குறைய என் வயது நடக்கும்.

சொல்வதா வேண்டாமா என்று நிலையத்தில் எல்லாரும் கை தூக்கியாயிற்று, சரிபாதியாக நிற்கிறது, உங்கள் கை மட்டும் பாக்கி. நீ என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்கிறீர்கள். நல்ல ஆளைப் பிடித்தீர்கள்! கரப்பான்பூச்சிக்கே கட்டிலில் ஏறி நிற்பவள் நான். காய்கறிக்கடைக்காரர்கூடச் செய்தி பார்த்துவிட்டு, அவங்க சண்டையில நாம எதுக்கும்மா தலையக் குடுக்கணும், தக்காளிய நசுக்காம எடுங்க என்கிறார்.

என் பதில் இதுதான். சொல்லாதீர்கள். கல்நெஞ்சுக்காரி என்று திட்டுங்கள், பரவாயில்லை. பாட்டுக்காரர்கள் யாரோ. பாப்பா நம்முடையவள். நீங்கள் அங்கே

கடிதம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. இப்போது எதிர்வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதீர்கள், பாப்பா நன்றாக இருக்கிறாள்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருந்தேன். பாப்பா சிணுங்கினாள் என்று பக்கத்தில் படுத்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடு முழுக்கக் கேஸ். எனக்கு எதுவுமே தெரியவில்லை. கதவை யாரோ இடித்ததுதான் தெரியும்.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா. நான் முகம் கொடுத்துப் பேசாத அதே அக்கா. அவர் தையல் மெஷின் சத்தத்தில் பாப்பா தூங்குவதில்லை என்று வீட்டு உரிமையாளரிடம் நான் போய்ச் சொன்னதிலிருந்து அவரும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேஸ் வாடை அவர் வீடுவரை வந்ததும் துணி அளக்கும் மரக்கோலால் இடித்திருக்கிறார், கோல் இரண்டாகப் போய்விட்டது. நான் எழுந்து திறந்ததும் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடிப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடி தானே போய் அடுப்பை மூடி ஜன்னல்களைத் திறந்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வெடித்திருந்தால்?

ஏன்க்கா உள்ள போனீங்க என்றுதான் கேட்க வந்தது, நன்றிகூட வரவில்லை. உங்கூடப் பேசக்கூடாதுன்னுதான்டி இருந்தேன், அதுக்காகத் தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருக்க முடியுமா என்று கத்தினார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் திணித்தார். இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார். பாப்பா அவர் பிள்ளைகளுக்கு நடுவே தூங்குகிறாள்.

அடுப்பும் நட்சத்திரமும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். என் பயம் ஓர் அணுவும் குறையவில்லை. மேலே எழுதியதைக் கிழிக்கப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். அதுவும் நான்தான், அதையும் படியுங்கள்.

ஆனால் சொல்லிவிடுங்கள்.

சொல்லிவிட்டு அடுத்த வண்டியிலேயே வீட்டுக்கு வாருங்கள். பாப்பாவுக்கு என் வயதாகி, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கும்போது நாம் இரண்டு பேரும் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டிலிருந்து,
உங்கள் பாப்பாவின் அம்மா